மாப்ள... இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்!

கோயமுத்தூர்ப் பக்கம் யாராவது வீட்டுக்கு வந்தால், 'என்ன விஷயமா வந்தீங்க?' என்று எடுத்தவுடன் கேட்க மாட்டார்கள். மரியாதை இல்லை! முதலில் ஒரு சொம்புத் தண்ணி. அப்புறம் காபி. அப்புறம் மழை, பஞ்சு விலை, தேங்காய் விலை, சின்ன அம்மணிக்கு வரன் அமைஞ்சுதா... எல்லாம் ஒரு சுற்று வரும். வந்தவர் எழுந்து செருப்பை மாட்டுகிற நேரத்தில்தான் அந்த லெதர் பை திறக்கும். உள்ளேயிருந்து ஒரு ஃபாரம் மெதுவாகத் தலைநீட்டும்.

''ஏனுங் மாப்ள... மார்ச்சு முடியப் போவுது. ஒரு கேஸ் கொறையுது. இன்ட்டு போட்ட எடத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங். மிச்சத்த நான் பாத்துக்கறனுங்!''

கேட்பது மாமன். மறுக்க முடியுமா? நாளைக்கு விசேஷம் என்றால் சீர்த் தட்டோடு வந்து நிற்க வேண்டியவரே அவர்தானே! போட்டாச்சு கையெழுத்து. ஒன்றல்ல... மூன்று இடத்தில்.

அவர் 'பாத்துக்கறேன்' என்ற அந்த 'மிச்சம்' என்ன? சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஆபரேஷன் நடந்ததா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா, அப்பா எதனால் இறந்தார், ஏற்கெனவே என்னென்ன பாலிசி இருக்கிறது... இப்படி வரிசையாகக் கேள்விகள். மாமா தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேனாவை எடுத்து மேலிருந்து கீழ்வரை 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போவார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, ஸார். ஒரு இடத்தில் 'ஆம்' என்று எழுதினால் டாக்டர் சர்டிபிகேட், ரத்தப் பரிசோதனை, கூடுதல் பிரீமியம் என்று ஃபைல் இழுத்துக்கொண்டே போகும். மார்ச் 31 தாண்டிவிடும். அவ்வளவுதான் காரணம்!

எல்.ஐ.சி. ஏஜெண்ட் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேரைச் சேர்த்தால்தான் ஏஜென்ஸி நிலைக்கும். அதற்கு மேலே போனால் பிராஞ்ச் மேனேஜர் கிளப், டிவிஷனல் மேனேஜர் கிளப், சேர்மன் கிளப் என்று படிக்கட்டுகள். புது ஏஜெண்டின் முதல் பத்து கேஸ் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? பங்காளி, மாமன், மச்சான், கூடப் படித்தவன், ஆபீஸில் பக்கத்து சீட்! சொந்தம் தீர்ந்த பிறகு ஏஜென்ஸியும் தீர்ந்துபோகிறவர்கள்தான் அதிகம். அப்போது அந்தப் பாலிசிகளுக்கு எல்லாம் யார் பொறுப்பு? ஏஜெண்டும் இல்லை, ஞாபகப்படுத்தவும் ஆள் இல்லை. பாலிசி காலாவதி!

இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லையா? தருகிறார்களே! கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1956 ஜனவரி 19 அன்று ஒரே அவசரச் சட்டத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலின் நிர்வாகத்தை அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்டது. 245 கம்பெனிகளும் சொசைட்டிகளும் சேர்ந்து, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. தனியார்கள் சிலர் மக்கள் பணத்தைத் தங்கள் வியாபாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்பது அன்றைக்குச் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், குழந்தைக்கு ரெண்டு வயசு ஆவதற்குள் அதன் பேரிலேயே ஒரு ஊழல்! முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிய விவகாரத்தை பெரோஸ் காந்தி லோக்சபாவில் கிளப்பினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். நம்மூர் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். ஒழுக்கப் பாடம் என்றாலே அடிமட்ட ஏஜெண்டைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைப்பது நம் வழக்கம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வகுப்பு நடத்தினால் தேவலை!

ஏஜெண்டுக்கு வருவோம். 1999-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது. 2000-ல் தனியார்களுக்குக் கதவு திறந்தது. அதே வருஷம் ஏஜெண்ட் லைசென்ஸுக்குப் புது விதி போட்டார்கள். சும்மா லைசென்ஸ் கிடையாது... 100 மணி நேரம் பயிற்சி வகுப்பு, அப்புறம் பரீட்சை! மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க இன்னொரு 25 மணி நேரம் வகுப்பு. 'எங்க தாத்தா காலத்துல இருந்து பாலிசி புடிக்கறோம், எங்களுக்கே கிளாஸா?' என்று பழம்பெரும் ஏஜெண்டுகள் முறுக்கிக்கொண்டாலும், அட்டெண்டன்ஸ் போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. (கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவர்களின் கணக்கு நமக்கு வேண்டாம்!) 2007-ல் அந்த 100 மணி 50 மணியாகச் சுருங்கியது. 2015-ல் சட்டத்தையே திருத்தி, ஆணையம் லைசென்ஸ் கொடுக்கும் முறையை நிறுத்திவிட்டார்கள். பரீட்சை உண்டு. ஆனால், ஏஜெண்டை நியமிப்பதும் அவருக்குப் பயிற்சி கொடுப்பதும் அந்தந்தக் கம்பெனியின் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெஞ்சுக்குத் திரும்பி வருகிற அந்தச் சடங்கும் அத்தோடு போச்சு.

இது நல்லதா கெட்டதா? எனக்கென்னவோ கொஞ்சம் உறுத்துகிறது. விற்கச் சொல்லி விரட்டுகிறவரும், 'பொய் சொல்லி விற்காதே' என்று பாடம் எடுக்கிறவரும் ஒரே கம்பெனி என்றால், மார்ச் மாதத்தில் எந்தக் குரல் பெரிதாகக் கேட்கும்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஏஜெண்டுகள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை 24 மணி நேரம் படித்தாக வேண்டும். அதில் 3 மணி நேரம் நன்னடத்தை மட்டுமே! 3 மணி நேரத்தில் ஒரு மனுஷன் யோக்கியனாகிவிடுவானா என்று கேட்டால், ஆகமாட்டான்தான். ஆனால், ஐந்தாறு வருஷம் ஃபீல்டில் அலைந்தவன் கேட்கிற மூன்று மணி நேரம் வேறு. முதல் பாலிசியே பிடிக்காதவன் கேட்கிற நூறு மணி நேரம் வேறு.

பரீட்சையில் நன்னடத்தைக் கேள்வி எப்படி இருக்கும் என்று சும்மா கற்பனை செய்து பாருங்கள். 'வாடிக்கையாளர் தனக்குள்ள சர்க்கரை நோயை மறைக்கச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அ) மறைப்பேன். ஆ) பாதி மறைப்பேன். இ) மேனேஜரைக் கேட்டு மறைப்பேன். ஈ) உண்மையை எழுதச் சொல்வேன்.' இதில் ஃபெயிலாக ஒரு தனித் திறமை வேண்டும்! ஃபீல்டில் கேள்வி இப்படி வராது. அங்கே கேள்வி, காபி டம்ளரோடு சிரித்துக்கொண்டு வரும். ''சுகரெல்லாம் எழுதோணுங்களா? மாத்தர போட்டா அடங்கிக்குதுங்...''

அடங்கிக்கொள்ளாத இடம் ஒன்று இருக்கிறது. கிளெய்ம் செக்ஷன்!

1990-ல் மெடிக்ளைம் பாலிசி எடுத்தார் ஒருவர். அதே வருஷம் இறந்துபோனார். அவருக்கு நாள்பட்ட சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருந்தது ஃபாரத்தில் இல்லை. கம்பெனி பணம் தர மறுத்தது. கேஸ் படிப்படியாக ஏறி 2009-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. 'கம்பெனி மறுத்தது சரி' என்று தீர்ப்பு. 19 வருஷம் அலைந்த பிறகு! ஃபாரத்தை யார் நிரப்பினாலும், அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையதோ, அவர் சொன்னதாகத்தான் கணக்கு.

ஃபாரம் இங்கிலீஷில், கையெழுத்து தமிழில் என்றால், 'கேள்விகளை எனக்கு விளக்கிச் சொன்னார்கள், புரிந்துகொண்டேன்' என்று ஓர் உறுதிமொழியும் வாங்குவார்கள். சோமனூர் தறிக்காரரும், கோபி விவசாயியும் தங்களுக்கே தெரியாமல் இப்படி எத்தனை உறுதிமொழி கொடுத்திருக்கிறார்களோ!

ஆயுள் இன்ஷூரன்ஸில் கொஞ்சம் தயவு உண்டு. 1938-ம் வருஷச் சட்டத்தின் 45-வது பிரிவை 2015-ல் திருத்தியபோது, பாலிசி ஆரம்பித்து மூன்று வருஷம் முடிந்துவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று ஆக்கினார்கள். 'பார்த்தீங்களா, மூணு வருஷம் தாக்குப் பிடிச்சா போதும்!' என்று இதையே விற்பனை வசனமாக்கும் ஏஜெண்டுகளும் உண்டு. அவர்கள் சொல்லாமல் விடுவது... பாலிசி காலாவதியாகித் திரும்பப் புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ண வேண்டும்!

அடுத்து, பிரீமியம் பணம். மாதச் சம்பளக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

''ஆபீசுக்கு லீவு போட்டு கவுண்டர்ல போய் நிக்கோணுமாக்கும்? எங்கிட்ட குடுங், நான் கட்டிர்றனுங்!'' இது உதவிதான். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒழுங்காகக் கட்டியும் விடுகிறார்கள். ஆனால், 1987-ல் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

ஒருவர் 1986 மார்ச்சில் தலா 25,000 ரூபாய்க்கு நாலு பாலிசி எடுத்தார். விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை. அடுத்த மார்ச்சில் கட்ட வேண்டிய அரையாண்டு பிரீமியம் தவறிப்போனது. சலுகை நாட்களும் முடிந்துவிட்டன. ஜூன் 4 அன்று ஏஜெண்ட் நேரில் வந்து 2,730 ரூபாய்க்கு பேரர் செக் வாங்கிக்கொண்டு போனார். செக் மறுநாளே பணமாகிவிட்டது. ஆனால், பணம் எல்.ஐ.சி. கவுண்டருக்குப் போகவில்லை. ஜூன் போச்சு. ஜூலை போச்சு. ஆகஸ்ட் 9 அன்று பாலிசிக்காரர் விபத்தில் இறந்தார். ஏஜெண்ட் பணத்தைக் கட்டியது எப்போது தெரியுமா? ஆகஸ்ட் 10!

ஒரே ஒரு நாள், ஸார்.

கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1997-ல் தீர்ப்பு. 'பிரீமியம் வசூலிக்க ஏஜெண்டுக்கு அதிகாரம் கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. அவரிடம் கொடுத்தது கார்ப்பரேஷனிடம் கொடுத்ததாக ஆகாது.' எல்.ஐ.சி. இழப்பீடு தர வேண்டியதில்லை என்றார்கள். கட்டியிருந்த பிரீமியத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னதோடு சரி. அந்த ஏஜெண்ட் திருடன் என்று நான் நினைக்கவில்லை. 'அடுத்த வாரம் கட்டிக்கலாம்' என்று பையில் வைத்துச் சுற்றியவராகக்கூட இருக்கலாம். கைமாற்றுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். எந்த வகுப்பிலும் முதல் நாள், முதல் பாடமாகச் சொல்ல வேண்டிய கதை இது. அடுத்தவர் பிரீமியம் உங்கள் பையில் ஒரு ராத்திரிகூடத் தங்கக்கூடாது!

இப்போது சில ஏஜெண்டுகளுக்கு வசூலிக்கும் அதிகாரத்தை எல்.ஐ.சி.யே கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்டவர் அந்த இடத்திலேயே பிரிண்ட் போட்ட ரசீது கொடுப்பார். டைரியில் குறித்துக்கொள்கிறவர் அந்த வகை இல்லை.

இதற்கு நேர் எதிரான தீர்ப்பும் ஒன்று உண்டு. பீளமேடு, சிங்காநல்லூர் மில்களிலும் கவர்ன்மெண்ட் ஆபீஸ்களிலும் சம்பளத்திலேயே பிரீமியம் பிடிக்கிறார்களே, சாலரி சேவிங்ஸ் ஸ்கீம்... அதைப் பற்றியது. டெல்லி மின்சார நிறுவன ஊழியர் ஒருவர் சம்பளத்தில் பிரீமியம் பிடித்தார்கள். ஆனால், ஒழுங்காக அனுப்பவில்லை. அவர் இறந்தார். மனைவி கேட்டபோது, 'பணம் வரவில்லையே' என்றது எல்.ஐ.சி. சுப்ரீம் கோர்ட் 1999-ல் விட்டுக்கொடுக்கவில்லை. 'சம்பளத்தில் பிடிக்கும் வேலையை முதலாளியிடம் ஒப்படைத்தது நீங்கள். அந்த வேலையில் அவர் உங்கள் ஏஜெண்ட் மாதிரிதான். எனவே, நீங்கள்தான் பொறுப்பு' என்றது. ஆக, வாசலில் வந்து வாங்கிப்போகும் மாமாவிடம் கொடுத்த பணத்துக்கு இல்லாத பாதுகாப்பு, பே ஸ்லிப்பில் பிடித்த பணத்துக்கு இருக்கிறது. சம்பளச் சீட்டை பஜ்ஜி மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்!

சரி, ஏஜெண்டை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் தப்பிக்க முடியுமா? ''மொத பிரீமியத்துல எனக்கு எவ்வளவு விட்டுக் குடுப்பீங்க?'' என்று கேட்காத ஆள் நம் ஆபீஸில் எத்தனை பேர்? நீண்ட காலப் பாலிசி ஒன்றில் முதல் வருஷ பிரீமியத்தில் போனஸ் கமிஷனோடு சேர்த்து 35 சதவீதம் வரை ஏஜெண்டுக்குக் கிடைத்த காலம் உண்டு. பத்தாயிரம் கட்டினால் மூவாயிரத்து ஐந்நூறு. அதில் ரெண்டாயிரத்தை நாம் பிடுங்கிக்கொண்டால், மிச்ச ஆயிரத்து ஐந்நூறில் பெட்ரோல் போட்டு, இருபது வருஷம் நமக்கு ஞாபகப்படுத்தி, விலாசம் மாற்றிக்கொடுத்து, கடைசியில் கிளெய்முக்கும் அவர் அலைய வேண்டும்! 41-வது பிரிவுப்படி இந்தத் தள்ளுபடி கொடுப்பது குற்றம். வாங்குவதும் குற்றம்தான்! ஒரு காலத்தில் அபராதம் வெறும் ஐந்நூறு ரூபாய். 2015 திருத்தத்தில் அது 10 லட்ச ரூபாய் வரை என்று ஆனது. ஃபாரத்திலேயே அச்சடித்திருக்கிறது. இன்ட்டு மார்க்குக்குப் பக்கத்தில்தான். யார் படித்தார்கள்?

இன்னொன்று நம் ஆபீஸ்களுக்கே உரிய ஸ்பெஷல். ஏஜென்ஸி மனைவி பேரில்... பேக்டரிக்கும் பேங்குக்கும் அலைந்து கேஸ் பிடிப்பது கணவர்! பரீட்சை எழுதியது அந்த அம்மணி. நன்னடத்தைப் பாடம் படித்ததும் அந்த அம்மணி. நமக்கு விளக்கம் சொல்கிறவரோ அந்தப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை!

கொங்கு நாட்டில் இதற்கெல்லாம் ஒரு தனி அழுத்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே தொழில் நடப்பதே வாய் வார்த்தையில். பத்திரம் இல்லாமல் லட்சங்கள் கைமாறும். திருப்பூரில் பாதி வியாபாரம் போனிலேயே முடிந்துவிடும். அது இந்த மண்ணின் பலம். அந்தப் பலத்தையே முதலாகப் போட்டுத்தான் 2012-ல் கவிழ்ந்த பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் வளர்ந்தன. 'எங்க சித்தப்பா போட்டிருக்காருங், நீங்களும் போடுங்' என்று ஊர் ஊராகப் பரவியது. திருப்பூர் பாசி பாரக்ஸ் மோசடியில் 930 கோடி ரூபாய் போனதாகக் கணக்கு. 2022-ல்தான் கோவை கோர்ட் 27 வருஷம் தண்டனை கொடுத்தது. அங்கே பரீட்சையும் கிடையாது, ஆணையமும் கிடையாது. இன்ஷூரன்ஸில் ரெண்டும் உண்டு. ஆனால், வீட்டுக்குள் நுழைகிற வழி ஒன்றேதான்... உறவு. 2010-க்கு முன்னால் யூலிப் பாலிசிகளை 'மூணு வருஷம் கட்டினா போதுமுங், அப்புறம் தானா வளரும்' என்று விற்றதும் இதே வழியில்தான். 2010 செப்டம்பரில் ஆணையம் விதியை இறுக்கி, ஐந்து வருஷம் பணத்தை எடுக்க முடியாது என்று ஆக்கிய பிறகுதான் அந்த வசனம் அடங்கியது.

நல்ல ஏஜெண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கருமாதி முடிவதற்குள் கிளெய்ம் ஃபாரத்தோடு வந்து, இறப்புச் சான்றிதழுக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் வரை தானே போய், நாமினிக்கு பேங்க் கணக்கு ஆரம்பித்துக் கொடுக்கிறவர்கள் பொள்ளாச்சி, அன்னூர் பக்கமெல்லாம் இன்றைக்கும் இருக்கிறார்கள். 'கிளெய்ம் பணத்தில் ஏஜெண்ட் பங்கு கேட்கக்கூடாது' என்று நன்னடத்தை விதியில் ஒரு வரி உண்டு. அப்படி ஒரு வரி எழுத வேண்டி வந்ததே என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அது எழுதப்பட்டிருப்பதே தெரியாது. எல்.ஐ.சி.யில் இன்னொரு அழகான ஏற்பாடும் இருக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஏஜெண்ட் இறந்த பிறகும் அவருடைய ரெனியூவல் கமிஷன் குடும்பத்துக்கு வந்துகொண்டிருக்கும். அவர் பிடித்த பாலிசிகள் உயிரோடு இருக்கும் வரைதான் அதுவும். 'இல்லை இல்லை' என்று எழுதிப் பிடித்த கேஸ்கள் அவ்வளவு நாள் உயிரோடு இருப்பதில்லை.

அதே விதியில் நமக்கு உபயோகமான இன்னொரு வரி: கேட்டால், தனக்கு எத்தனை சதவீதம் கமிஷன் என்று ஏஜெண்ட் சொல்லியே ஆக வேண்டும். கேட்டுப் பாருங்கள். மாமா ஒரு நிமிஷம் காபியைக் கீழே வைத்துவிடுவார்! முறை கெடாமல் சொல்லவும் வழி உண்டு. ''ஃபாரத்த வெச்சுட்டுப் போங் மாமா. ராத்திரி நானே எழுதி, நாளைக்கு ஆபீஸ் போறப்ப குடுத்துட்டுப் போறனுங்.'' இதில் யாருக்கும் கோபம் வராது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு: பாலிசி பாண்டு கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். அதோடு நீங்கள் கொடுத்த ஃபாரத்தின் நகலும் இருக்கும். அந்த 'இல்லை'களை எண்ணிப் பாருங்கள். தப்பாக இருந்தால் கம்பெனிக்கு எழுதித் திருத்தச் சொல்லலாம். பாலிசியே வேண்டாம் என்றால், 2024 விதிப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சில சில்லறைப் பிடித்தங்கள் போகப் பணம் வந்துவிடும். கம்பெனி ஏமாற்றுகிறது என்று பட்டால் முதலில் கம்பெனிக்கே புகார். ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தேனாம்பேட்டையில் ஆபீஸ். 50 லட்ச ரூபாய் வரைக்குமான வழக்குகளைக் கேட்பார். ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால், கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.